ஒன்றும் சேர்க்காத ஒயின்

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு ரசாயன மருந்து அடிப்பதை நிறுத்தி நாலு வருசம் ஆகிறது. "ஒண்ணும் போடாம எப்படிப்பா விளையும்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றிப் படித்தேன். அவர்கள் செய்வது சிவப்பு ஒயின். இந்தப் பத்திரிகையில் ஒயினா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்கச் சொல்லவில்லை, செய்முறையைப் பாருங்கள்.

இத்தாலியின் கிழக்குக் கரையில் அப்ரூத்சோ என்றொரு பகுதி. அங்கே டொரானோ நுவோவோ என்ற சிற்றூரில் எமிடியோ பெப்பே 1964-ல் தன் பெயரில் ஒயின் செய்யத் தொடங்கினார். மொந்தேபுல்ச்சானோ என்பது அந்த மண்ணின் கறுப்புத் திராட்சை. அன்றைக்கு அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. வேறு ஊர் ஒயினில் கலப்பதற்காக மொத்தமாக ஏற்றி அனுப்பிவிடுவார்கள். புட்டியில் அடைத்துப் பல வருசம் வைத்தால் இது நன்றாக முதிரும் என்று இவர் நம்பினார். இப்போது மகள்களும் பேத்தியும் பார்த்துக்கொள்கிறார்கள். தோட்டம் சுமார் 15 ஹெக்டேர், அதாவது 37 ஏக்கர்.

கொடி நம்மூர் போலவே பந்தலில்தான். அந்தப் பகுதியில் பலர் கம்பி வரிசைக்கு மாறியும் இவர்கள் பந்தலை விடவில்லை. வெயில் கொளுத்தும் வருசத்தில் இலை நிழலில் குலை தப்பிக்கிறது. நோய்க்குத் தெளிப்பது கந்தகமும் தாமிரமும் மட்டும். நமக்குத் தெரிந்த போர்டோ கலவையும் தாமிரம்தானே.

பறித்த குலையை வலைமேல் போட்டு, கையால் உருட்டிக் காம்பைப் பிரிக்கிறார்கள். எந்திரத்தில் போட்டால் காம்பும் விதையும் நசுங்கிக் கசப்பு இறங்கும். பிறகு உட்புறம் கண்ணாடி பூசிய சிமெண்ட் தொட்டி. ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. தோலோடும் ஆலைக் காற்றோடும் வருவதே போதும். தோசை மாவுக்கு நாம் யாராவது ஈஸ்ட் போடுகிறோமா? நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. மரப்பீப்பாய் வாசனை வேண்டாம் என்று பீப்பாயே வைத்துக்கொள்ளவில்லை. சுமார் இரண்டு வருசம் தொட்டியில் இருந்தபின், வடிகட்டாமல் புட்டிக்குப் போகிறது.

வழக்கமாக ஒயின் கெடாமல் இருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி, இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். இயற்கைச் சான்று பெற்றதில் 100 வரை. இவர்கள் அதையும் சேர்ப்பதில்லை. அதனால் அழுகிய பழம் கொஞ்சம் தொட்டிக்குள் போனாலும் ஆபத்துதான், வினிகராகத் திரும்பலாம். பொறுக்கும் கை அசரக்கூடாது. பல வருசம் இருட்டறையில் கிடந்த புட்டியை விற்பதற்கு முன்னால் திறந்து, அடிமண்டி கலங்காமல் வேறு புட்டிக்குக் கையாலேயே ஊற்றி மாற்றுகிறார்கள். எமிடியோவின் மனைவி ரோசா இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தவர்.

ஒவ்வொரு வருச ஒயினிலும் ஒரு பங்கை விற்காமல் வைப்பதால்தான் பழைய சரக்கு தேறுகிறது. நமக்கு அது வாய்க்காது. பறித்த அன்றே வியாபாரி வந்தாக வேண்டும், பன்னீர் தாங்காது. உரிமம் இல்லாமல் ஒயின் செய்து விற்கவும் முடியாது.

எனக்கு உறைத்தது வேறு. முதல் வருசம் நான் மருந்தை நிறுத்தினேன், அவ்வளவுதான். கவாத்துக்குப் பிறகு அடர்ந்த இலையைக் கிள்ளவில்லை, காற்று புக வழிவிடவில்லை. ஒரு வாரத் தூறலில் அடிச்சாம்பல் நோய் இறங்கிப் பாதிக்கு மேல் போயிற்று. வீட்டில் நகை அடகுக்குப் போனது. 2023-ல் விடாத மழையில் அதே நோய் அப்ரூத்சோவையும் கடுமையாக அடித்தது. கைவேலை பார்ப்பவனுக்கும் மழை சலுகை தராது. ஆனால் நான் அந்த வேலையைக்கூடப் பார்க்கவில்லையே.

இந்தப் பருவத்தில் நானும் வீட்டுக்காரியும் தினம் காலையில் இரண்டு வரிசை இலை கிள்ளுகிறோம். பந்தலுக்குக் கீழே நின்றால் தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழுகிறது. குலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.