எல்லையோரம்: கூட்டம் கலைந்த பிறகு

போன வாரம் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்றோம். பொள்ளாச்சிப் பக்கம் தமிழ்நாடு, எட்டி நடந்தால் பாலக்காடு மாவட்டம். அதே எல்லை தெற்கே ஆனைமலையைத் தாண்டி இடுக்கியை ஒட்டிப் போகிறது. அங்கே மூணாறு. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும் ஊர்.

தைரியத்தைப் பற்றி எழுதுவதென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2015 செப்டம்பர். கண்ணன் தேவன் கம்பெனி அந்த ஆண்டு போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. முந்தைய ஆண்டு கிடைத்தது 19. தினக்கூலியோ 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுத்துத் தீர வேண்டும். இத்தனைக்கும் 2005-ல் டாடா விலகியபோது தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தொடங்கிய கம்பெனி இது. முதலாளி என்ற பெயர் இருந்தது, பழைய போனஸ்தான் இல்லை!

பெண்கள் இறங்கிவந்து சாலையில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை ஒன்பது நாள் முடங்கியது. ஆண்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். தங்கள் பெயரில் சந்தா வாங்கிவந்த தொழிற்சங்கங்களை, எந்தக் கொடியானாலும், கிட்டவே சேர்க்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த தொகுதி எம்.எல்.ஏ.வையும் திருப்பி அனுப்பினார்கள். 91 வயது எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து கூடவே உட்கார்ந்தபோது மட்டும் வரவேற்பு. முன்நின்ற லிசி சண்ணி, கோமதி, இந்திராணி ஆகியோரின் பெயர்களைக் கேரளம் அந்த வாரம்தான் கேள்விப்பட்டது. முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சில், கருணைத்தொகையையும் சேர்த்து 20 சதவீதம் முடிவானது. கூலி 500 வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் 301 ரூபாயில் வந்து நின்றது.

இதில் எது தைரியம்? கம்பெனியை எதிர்ப்பதில் பெரிய புதுமை இல்லை. மூணாறு பார்த்த போராட்டங்கள் ஏராளம். ஆனால் எஸ்டேட்டில் வேலை போனால் கூலியோடு கூரையும் போகும். குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான் வீடு. இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் சங்கம். அதையும் வேண்டாம் என்று உதறிவிட்டு உட்கார்ந்தார்களே, அங்கேதான் எனக்கு மலைப்பு. எதிரியோடு மோதுவதைவிட, நமக்காகப் பேசுகிறேன் என்பவரை விலகச் சொல்வது கடினம்.

ஆனாலும் ஆயிரம் பேர் பக்கத்தில் இருக்கும்போது பயம் பங்கு போட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் பேர் பேசுவதில்லை. அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை உடைந்தது. லிசியும் கோமதியும் பிரிந்தார்கள். 'பார்த்தீர்களா, இவ்வளவுதான்' என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரியாத சங்கம் எது? 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி அந்தப் போராட்டத்தைப் பற்றி இழிவாகப் பேசியபோது, மன்னிப்புக் கேட்கச் சொல்லி மூணாறு வீதியில் கோமதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். இந்த முறை சாலை நிறையவில்லை. கூட இருந்தவர்கள் ஒரு சிலர்தான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. கிடைக்காத உடல்களையும் சேர்த்து 70 பேர். செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. அடுத்த வாரம் முதல்வர் பினராயி விஜயன் பார்வையிட வந்தபோது, தொழிலாளிக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்று கோமதி சாலையில் உட்கார்ந்தார். போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

பெட்டிமுடியில் பிழைத்த குடும்பங்களுக்கு குற்றியார்வாலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்ற லயங்களில் பழைய விதிதான். அம்மா ஓய்வுபெற்றால் மகனோ மருமகளோ எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

(தொடரும்)