ரப்பரில் ஒரு மெதில் தொகுதி

ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் விட்டால் கட்டியாகும் என்பதைப் பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் அறிவர். ஆங்கு அமிலம் செய்வது சிறு வேலையே. பால்துளிகளின் மேலுள்ள எதிர்மின்னேற்றத்தை அது போக்குகின்றது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. ரப்பர் மூலக்கூறு மாறுவதில்லை. அதே ரப்பரைக் கரைத்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினாலோ மூலக்கூறே மாறிவிடுகின்றது. 1930களில் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் உணவுப்பொருள் சுற்றுவதற்கு விற்ற 'பிளையோபிலிம்' என்னும் மெல்லிய தாள் இவ்வாறு பிறந்ததே.

வாயுவிலுள்ள குளோரின் எங்கே போய்ச் சேருகின்றது? ரப்பர் என்பது ஐசோப்ரீன் கண்ணிகள் கோத்த நெடுஞ்சங்கிலி. கண்ணிதோறும் கார்பன் அணுக்கள் ஐந்து. நான்கு வரிசையாக நிற்க, ஐந்தாவது மெதில் தொகுதியாகப் பக்கத்தில் தொங்கும். நடுக்கார்பன்கள் இரண்டுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. அவற்றுள் ஒன்று மெதிலையும் மற்றது ஹைட்ரஜனையும் தாங்குகின்றன. குளோரின் சேர்வது மெதிலைத் தாங்கிய கார்பனிலேயே.

ஹைட்ரஜன் மிகுந்த கார்பனுக்கே புது ஹைட்ரஜனும் சேரும் என ருஷ்ய அறிஞர் மார்க்கோவ்னிக்கோவ் 1870இல் விதி கூறினார். மாணவர் பலர் இதனை உருப்போட்டு ஒப்பிப்பர். ஏன் என்று கேட்டால் விழிப்பர். காரணம் நடுவழியில் இருக்கின்றது. முதலில் வரும் ஹைட்ரஜன் அயனி, இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்களைக் கவர்ந்து ஒரு கார்பனில் ஒட்டுகின்றது; மற்றக் கார்பன் நேர்மின்னேற்றத்தோடு நிற்கும். இதுவே கார்பன் நேரயனி. மெதிலைத் தாங்கிய கார்பன் அங்ஙனம் நின்றால் அதனைச் சூழ மூன்று கார்பன் தொகுதிகள். மற்றது நின்றால் இரண்டே. அண்டையிலுள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளின் எலக்ட்ரான்கள் குறையுள்ள இடத்தை நோக்கிச் சற்றே சாய்வதால் மின்னேற்றம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகின்றது. அண்டைத் தொகுதிகள் மிகுந்தால் நிலைப்பும் மிகும். குளோரின் அவ்விடம் தேடிச் செல்வது இதனாலேயே.

பெரும்பாலும் கணப்பொழுதில் மறையும் இவ்வயனிகளுள், மூன்று மெதில்கள் சூழ்ந்த ஒன்றைக் கடும் அமிலத்தில் நிலைக்கவைத்துக் காட்டியவர் ஜார்ஜ் ஓலா. நேரயனி ஆராய்ச்சிக்காக அவர் 1994இல் நோபல் பரிசு பெற்றார்.

மெதில் இருந்த இடத்தில் குளோரினையே வைத்தால்? 1930இல் டூபான்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் குழுவினர் கண்ட நியோப்ரீன் அதுதான். குளோரின் எலக்ட்ரான் சிறிது ஈவதும் உண்டு, இழுப்பதே மிகுதி. ஆதலின் அதன் இரட்டைப் பிணைப்பு வறியது; காற்றிலுள்ள ஓசோன் அதனை எளிதில் தாக்குவதில்லை. மெதிலால் செழித்த இயற்கை ரப்பரையோ ஓசோன் விரைந்து பிளக்கும். பழைய சைக்கிள் டயரின் பக்கங்களில் காணும் வெடிப்புகளுள் பல அதன் வேலையே. ஆனால் அச்செழுமை குறையென்று மட்டும் கொள்ளல் ஆகாது. இயற்கை ரப்பர் கந்தகத்தோடு எளிதில் இணைந்து உறுதி பெறுகின்றது. நியோப்ரீனுக்கோ கந்தகத்தை நம்பாமல் உலோக ஆக்சைடுகளை நாடுகின்றனர்.