கிடங்கின் எச்சரிக்கை யார் காதில் விழுகிறது?

பலருடைய பொருளை ஓரிடத்தில் சேர்த்துக் காப்பது கூட்டுறவுச் சங்கத்தின் முக்கியக் கடமைகளுள் ஒன்று. உழவர் விதைக் கிழங்கையும் பழத்தையும் குளிர்பதனக் கிடங்கில் ஒப்படைக்கின்றனர். நெசவாளர் நெய்த துணியைச் சங்கக் கிடங்கில் சேர்க்கின்றனர். ஒப்படைத்தபின் அவர்கள் கண் அப்பொருளின் மீது இராது; சங்கத்தின் கண்ணே இருத்தல் வேண்டும். அக்கண் இரவிலும் உறங்காதிருக்க இக்காலத்தில் ‘சென்சார்’ எனப்படும் உணர்கருவிகள் வந்துள்ளன. அவற்றின் இயல்பை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

கருவியின் வேலை எளியது. கிடங்கின் உஷ்ணநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் அது சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அளக்கிறது. நாம் குறித்த எல்லையை அளவு கடந்தால், சிம் அட்டை வழியாகவோ இணையம் வழியாகவோ, பதிவு செய்யப்பட்ட கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. எல்லை பொருளுக்குப் பொருள் வேறுபடும். விதை உருளைக்கிழங்குக்கு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் ஏற்றது. வாழைக்காயை அக்குளிரில் வைத்தால் தோல் கறுத்துக் கெடும். அதற்கு உஷ்ணநிலை 13 டிகிரிக்குக் கீழே இறங்கலாகாது. பருத்தித் துணிக் கிடங்கில் ஈரப்பதம் 70 சதவீதத்திற்கு மேல் நெடுநாள் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆனால், கருவியை வாங்கிய மாத்திரத்தில் காவல் அமைந்துவிடாது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில், பிள்ளைப்பேறு வேண்டியோர் ஒப்படைத்திருந்த கருமுட்டைகளும் கருக்களும் உறைகுளிர்க் கலத்தில் வைக்கப்பட்டிருந்தன. வார இறுதியில், ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில், கலத்தின் உஷ்ணநிலை ஏறிற்று. வெளியிலிருக்கும் ஊழியருக்குச் செய்தி அனுப்பவேண்டிய ஏற்பாடோ நிறுத்தப்பட்டிருந்தது. 4,000க்கு மேற்பட்டவை பாழாயின. நம்பி ஒப்படைத்தவர்களுக்கு எவ்வளவு பணத்தாலும் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் அது.

எச்சரிக்கை அளவுக்கு மிஞ்சினாலும் கேடே. 1994ஆம் ஆண்டு ஜூலை மாதம் வேல்ஸ் நாட்டில் மில்போர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்திய 11 நிமிஷங்களில், அதை இயக்கிய இருவர் முன் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. எதைக் கவனிப்பது, எதை விடுவது? நம் கிடங்கிலும், சரக்கு ஏற்றக் கதவு திறக்கும் போதெல்லாம் செய்தி வருமாயின், காவலர் சலித்துப்போய் ஒலியை அடக்கிவிடுவார். உண்மையான ஆபத்து வரும் இரவிலும் அது அடங்கியே கிடக்கும். ஆதலின், அளவு எல்லையைக் கடந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நீடித்தால் மட்டுமே செய்தி செல்லுமாறு அமைத்தல் நன்று.

நாம் பார்வையிடச் சென்ற சங்கம் ஒன்றில், பதவியிலிருந்து விலகிவிட்ட காரியதரிசியின் எண்ணே கருவியில் இன்னும் பதிவாகியிருந்தது. கருவி தவறாமல் செய்தி அனுப்பி வந்தது. பெற்றவரிடம் கிடங்கின் சாவியும் இல்லை, பொறுப்பும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான வேலை ஒருவருக்கும் உரியதாகாமல் போவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, நிர்வாகக் குழுக்கள் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாகவே நிறைவேற்றுதல் வேண்டும்.

1. செய்தி பெறுவோர் மூவரை வரிசைப்படி நியமிக்க வேண்டும். முதல்வர் பதில் தராவிடில் இரண்டாமவருக்கும், பின் மூன்றாமவருக்கும் அழைப்புச் செல்ல வேண்டும். பொறுப்பு மாறும் அன்றே எண்ணும் மாறவேண்டும்.

2. மின்சாரம் நின்றால் குளிர் இயந்திரத்தோடு கருவியும் ஓய்ந்துவிடும். அந்த மௌனத்தை நலம் என்று எண்ணிவிடுவோம். எனவே கருவிக்கும் இணைப்புக்கும் பாட்டரி வேண்டும். நாள்தோறும் ஒருமுறை ‘இயங்குகிறேன்’ என்ற செய்தியும் வரவேண்டும். அது வராமையையே எச்சரிக்கையாகக் கொள்க.

3. நீரில் நொறுக்கிய பனிக்கட்டியை நிறைய இட்டு, நீர் புகாத உணர்முனையாயின் அதில் அமிழ்த்தி, 0 டிகிரி காட்டுகிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். அப்போதே எல்லை மீறிய செய்தி மூவருக்கும் சேர்கிறதா என்பதையும் சோதிக்கலாம்.

4. வந்த செய்தி, நேரம், சென்று பார்த்தவர், செய்த பரிகாரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவர வேண்டும்.

அங்கத்தினர்களும் வாளாவிருத்தலாகாது. அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, “நம் கிடங்கிலிருந்து நள்ளிரவில் செய்தி வந்தால் எழுந்து செல்பவர் யார்?” என்று கேளுங்கள். பெயரும் எண்ணும் உடனே சொல்லப்படுமாயின் உங்கள் சரக்குக்குக் காவல் உண்டு. இல்லையேல், அன்றே அப்பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.