"மூலம்தானே" என்று விட்டுவிடாதீர்கள்!

சாப்பிடும் நேரத்தில் பேசுகிற விஷயம் இல்லைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் எட்டு மாதம் யாரும் இதைப் பேசாமல் இருந்ததால் என்ன ஆயிற்று என்று சொன்னால், நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள்.

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அப்போது 54 வயது. வெளிக்குப் போகும்போது அவ்வப்போது ரத்தம் பட்டிருக்கிறது. மூலம் என்று தானே முடிவு கட்டிவிட்டார். துத்திக்கீரை வதக்கல், கருணைக்கிழங்கு மசியல், மோர் என்று கைவைத்தியம் நடந்தது. மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். நான் விடாமல் நச்சரித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ஒண்ணுமில்லடி, மூலச்சூடு. இதைப் போய் டாக்டர்கிட்டக் காட்டுவாங்களா? வெக்கமா இல்ல?"

"லேடி டாக்டர்கிட்டப் போகலாம் அத்தை, நானும் கூட வரேன்."

ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. நாம் எல்லோரும் சோகை என்றால் மாதவிலக்கின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். அந்த டாக்டரம்மா கேட்டார்: "தீட்டு நின்னு மூணு வருஷம் ஆச்சுங்கறீங்க. அப்புறம் ரத்தம் எங்கேதான் போகுது?"

போனது பெருங்குடல் வழியாக. உள்ளே கட்டி இருந்தது, புற்றுநோய். ஆபரேஷன், அதன் பிறகு ஆறு மாதம் மருந்து. ஐந்து வருஷம் ஆகிறது, நல்லபடியாக இருக்கிறார். எட்டு மாதம் முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு இன்னமும் தோன்றும்.

அத்தோடு விஷயம் முடியவில்லை. "கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா? அவங்களையும் பார்த்துடணும்" என்றார் டாக்டர். இருப்பது என் அப்பா. வயது 58. கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கிற உடம்பு. "எனக்கு ஒரு குறையும் இல்லையே, எதுக்கு?" என்று ஒரே பிடிவாதம்.

குறை எதுவும் இல்லாதபோதே பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் பயன். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உள்சுவரில் சிலருக்குப் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி உண்டாகும், மரு மாதிரி. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில மட்டும் மெல்ல மெல்ல மாறிப் புற்றுநோயாகும். அதற்குப் பத்து வருஷம்போல ஆகும். அந்த அவகாசத்தில் பாலிப்பைக் கண்டு எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நோய் வர வழியில்லை. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு, வராமலே தடுக்கவும் செய்கிற சோதனை இது.

அப்பா கடைசியில் சம்மதித்தார். கொலனோஸ்கோபி என்பது கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பார்ப்பது. மயக்க ஊசி போடுவதால் பெரிய கஷ்டம் தெரிவதில்லை. கஷ்டமெல்லாம் முதல் நாள்தான்! குடலைச் சுத்தமாக்க லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். கீரை, கொய்யா, விதையுள்ள காய்கள் கூடாது. எங்கள் வீட்டிலோ ஒரே பாத்ரூம். அன்று நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்த இதழ் போதாது.

அப்பாவுக்கு இரண்டு பாலிப்புகள் இருந்தன. ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். குழாய் வழியாகவே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் இட்லி சாப்பிட்டார். குடலில் துளை விழுவது, ரத்தம் கசிவது போன்ற ஆபத்து அபூர்வமாக உண்டு. அதையும் டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

எல்லோரும் நேராக இதற்குப் போக வேண்டுமா? வேண்டியதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. சின்னக் குச்சியால் தொட்டுக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும், பத்தியம் கிடையாது. ஜப்பானில் 1992 முதல் 40 வயதான எல்லோருக்கும் வருஷா வருஷம் இதைச் செய்கிறார்கள். சிங்கப்பூரில் 50 வயதானவர்களுக்கு இதற்கான பெட்டி கிடைக்கிறது; அங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் இளம் வயதிலேயே இந்நோய் வருவது கூடிவிட்டதால், 2021-ல் தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்துவிட்டார்கள். சோதனையில் ரத்தம் தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். பலருக்கு அது மூலமாகவோ பாலிப்பாகவோ இருக்கும். ஆனால் அடுத்து கொலனோஸ்கோபி செய்தே தீரவேண்டும்.

நம் நாட்டில் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்குத்தான் அரசுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சோதனை. குடலுக்கு நாமாகத்தான் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வெட்கம் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கேட்டி கூரிக்கின் கணவர் 1998-ல், 42 வயதில், இந்நோய்க்குப் பலியானார். 2000-ம் ஆண்டு அந்த அம்மாள் தனக்குச் செய்த கொலனோஸ்கோபியை ஊரே பார்க்க ஒளிபரப்பச் செய்தார். அதைப் பார்த்துவிட்டு அங்கே பலர் சோதனைக்குப் போனார்கள்.

இதுவரை சொன்னது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் போகிறது, மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருக்கிறது, காரணமில்லாமல் இளைக்கிறது, சோகை தீரவில்லை என்றால் வயது எதுவானாலும் நேரே டாக்டரிடம் போங்கள். முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அதுவும் சிவப்பாகத்தான் போகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போகும்.

பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பு, இதில் எது முந்தியோ அப்போது பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் அத்தை மகளுக்கு இப்போது 34. பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின் அட்டையில் வருஷத்தைக் குறித்து வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு மூன்று வருஷம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் அந்தத் தவணை. பாத்ரூம் இன்னமும் ஒன்றுதான்.