உங்களுக்குத் தெரியுமா? வெடிக்கும் கொன்றைக்காய்

1968இல் ஆரோவில் தொடங்கியபோது, கோட்டக்குப்பத்தை அடுத்த அந்த மேட்டு நிலம் மழை அரித்த செம்மண் பொட்டல். சுற்றுவட்டாரக் கோயில்காடுகளில் பொறுக்கிய விதைகளும் சேர்ந்துதான் இன்று அங்கே காடாக நிற்கின்றன.

நீங்களும் அப்படி விதை சேகரித்து வளர்க்க விரும்பினால், வீட்டுத் தோட்டத்துக்கு மயிற்கொன்றையில் தொடங்கலாம். அதன் தட்டைக்காய் பழுப்பேறிக் காய்ந்ததும் படீரென வெடிக்கும்; இரு தோடுகளும் முறுக்கிக்கொண்டு விதைகளைத் தூர எறிந்துவிடும். அதற்கு முன்பே பறித்துக் காகிதப் பையில் போட்டுவிட வேண்டும். விதைத்தோல் கல்போலக் கடினம், தண்ணீர் எளிதில் இறங்காது. ஓரத்தை உப்புத்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்தால் விதை பருத்துவிடும். பருத்ததை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

முற்றிய விதை நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.