கைப்பின்னல் தரும் அமைதி

பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழஞ்சேலையிற் பொதிந்து ஏந்துவது நம் வழக்கம். ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களிலோ, மகப்பேற்றின்போது பாட்டியும் அத்தையும் உடனிருத்தல் அரிதாகிவிட்டது. அண்டை வீட்டுச் சகோதரியொருத்தி பின்னித் தரும் குரோஷாப் போர்வை அக்குறையை ஓரளவேனும் நீக்கவல்லது.

இதற்கு வேண்டுவன கொக்கிமுனை ஊசி ஒன்றும் நூற்கண்டு சிலவுமே. பெரும்பாலும் ஒரு கண்ணியே ஊசியில் நிற்பதால், பிழை நேரின் எளிதில் அவிழ்த்து மீண்டும் பின்னலாம். கண்ணிகளை எண்ணியவாறு கை ஒரே சீராக இயங்குங்கால், அலையும் மனமும் அவ்வெண்ணிக்கையில் அடங்குகிறது. வீட்டார் அலுவலுக்குச் சென்றபின் பகலெல்லாம் தனித்திருப்போர்க்கு இஃது அருந்துணை.

தனித்தனியே பின்னியோர் ஒன்றுகூடின் விளைவதையும் நாம் கண்டோம். 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர், பலர் பின்னிய துண்டுகளைச் சென்னையில் இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி உலக சாதனை படைத்தனர்.

குழந்தைக்குப் பின்னுவோர் மென்மையான பருத்தி நூலைத் தேர்க. விரல் சிக்காதவாறு துளைகள் சிறியனவாக இருத்தல் வேண்டும். நூல்முனைகளை உள்ளே செருகி மறைத்தலும் வேண்டும். மடியில் ஏந்துகையில் போர்த்துவதற்கே இது. ஓராண்டு நிறையும்வரை, உறங்கும் குழந்தையின் படுக்கையில் தளர்ந்த போர்வை ஆகாதென்பது மருத்துவர் அறிவுரை.

வளர்ந்தபின் அக்குழந்தை, “இதைப் பின்னியவர் யார்?” என்று வினவும். அயலூரில் தனக்கும் ஓர் அத்தை உண்டென்பதை அன்று அறியும். நம் குடியிருப்பில் அடுத்துப் பிறக்கவிருக்கும் குழந்தைக்காக இன்றே முதற் கண்ணியைப் போடுவோமாக!