பேட்டரி ஒயரில் முனை மாறினால்...



மார்கழி, தை மாதங்களில் ஜவ்வாது மலையடிவாரத்தில் குளிர் அதிகம். கணியம்பாடி, அமிர்தி பக்கம் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால், பழைய பேட்டரி போட்ட டிராக்டர் 'டக் டக்' என்று சத்தம் போட்டு நின்றுவிடும். உடனே பக்கத்து வயல்காரரிடம், "அண்ணே, உங்க வண்டியிலிருந்து கொஞ்சம் கரண்டு குடுங்க" என்று ஒயர் போடுகிறோம். உதவி நல்லதுதான். ஆனால் முனை மாறிவிட்டால் இரண்டு வண்டியும் படுத்துவிடும், ஆளுக்கும் ஆபத்து.

ஏன் அப்படி? டிராக்டர் பேட்டரியில் 6 அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். ஆக 12 வோல்ட். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்போல இரண்டும் சேர்ந்து இழுக்கும். மாற்றி மாட்டினாலோ, கரண்டு இரண்டு பேட்டரிக்குள்ளேயே வட்டமடிக்கும். தடுக்க ஏதும் இல்லாததால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; ஒயர் உருகும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் ஒரு பக்கமே திறக்கும் கதவுகள். முனை மாறினால் அவை அகலத் திறந்து கருகிப்போகும்.

இன்னொன்று. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 100க்கு 4 பங்கு கலந்தாலே, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஆசிட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

சரியான முறை இதுதான். இரண்டு வண்டியும் 12 வோல்ட்தானா என்று பாருங்கள். 24 வோல்ட் லாரியோடு சேர்க்கவே கூடாது. இரண்டு எஞ்சினையும் நிறுத்துங்கள். ஒயர் நிறத்தை மட்டும் நம்பாமல், பேட்டரி மேல் பூத்த உப்பைத் துடைத்து, பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள்.

முதலில் சிவப்பு ஒயரை நின்றுபோன வண்டியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். மறுநுனியை நல்ல வண்டியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். பிறகு கறுப்பு ஒயரை நல்ல வண்டியின் மைனஸில் மாட்டி, அதன் மறுநுனியை, நின்றுபோன வண்டியில் பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பில் பிடியுங்கள். அங்கே பொறி வந்தாலும் வாயு பக்கத்தில் இருக்காது. வண்டி கிளம்பியதும், கடைசியில் மாட்டியதை முதலில் கழற்றுங்கள்.

தவறி மாற்றி மாட்டிவிட்டால், திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். ஃபியூஸையும் ஆல்டர்னேட்டரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் கசக்காமல், குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உழவு அரை மணி தாமதமானால் பிடித்துக்கொள்ளலாம். கண் போனால் திரும்பாது.